சிறைக்குள் மனநோயாளிக்கு இலவசச் சட்ட உதவி: பயன்படுத்திப் பார்த்தவரின் மதிப்புரை

என் சித்தப்பா மகனுக்காக, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழங்கும் இலவசச் சட்ட உதவியைக் கடந்த 14 மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். அவனுக்கு மனச்சிதைவு நோய் இருப்பது 19 வயதிலேயே தெரியவந்தது. வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில், தன்னை ரகசியமாகப் படம் பிடிக்கிறார்கள் என்று நம்பி, ஒரு கைப்பேசிக் கடையின் கண்ணாடியை உடைத்தான். தடுக்க வந்தவருக்குத் தலையில் நான்கு தையல். அவருடைய கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வழக்கு இன்னும் நிலுவையில் இருப்பதால் மாவட்டத்தின் பெயரையும் சிறையின் பெயரையும் தவிர்க்கிறேன்.

முதலில் கட்டணத்தைப் பற்றி. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12ஆம் பிரிவில், காவலில் இருப்பவரையும், மனநோயாளி உள்ளிட்ட மாற்றுத்திறனாளியையும் தனித்தனியாகவே தகுதியுடையோர் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எனவே இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. நாங்கள் குடும்ப அட்டையும் வருமானச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு போனோம். அலுவலகத்தில் இருந்தவர் அவற்றைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். 14 மாதங்களில் வழக்கறிஞரோ அலுவலக ஊழியர்களோ ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்வது என் கடமை.

ஆனால், அந்த அலுவலகத்தின் படியை நாங்கள் மிதித்தது கைதான நான்காவது நாளில்தான். அதற்கு முன்பு நடந்தது இந்தச் சேவையின் பெரிய ஓட்டையைக் காட்டுகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு என்பதை மனநோயாளிக்குத் தெரிவிப்பது நீதித்துறை நடுவர், காவல் அதிகாரி, சிறைப் பொறுப்பாளர் ஆகியோரின் கடமை. ரிமாண்டின்போது நடுவர் அந்தக் கடமையைச் செய்தார், “உனக்கு வக்கீல் இருக்கிறாரா?” என்று கேட்டார். “இருக்கிறார், வெளியே நிற்கிறார்” என்று தம்பி பதில் சொன்னான். வெளியே யாரும் நிற்கவில்லை. அவன் காதில் பேசிக்கொண்டிருந்த குரல்களில் ஒன்றைத்தான் அவன் வக்கீல் என்று குறிப்பிட்டான் என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, பதிலும் பதிவாயிற்று. உதவி மட்டும் வந்து சேரவில்லை.

வழக்கறிஞரை நியமித்த ஆணை கிடைத்த பிறகும் வேலை நகரவில்லை. அவர் வழக்கை நடத்த அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டால் தன்னை விற்றுவிடுவார்கள் என்று அவன் மறுத்துவிட்டான். “கைதி ஒத்துழைக்கவில்லை” என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது மிக எளிது. சிறைச் சட்ட உதவி மையத்துக்கு வரும் தன்னார்வலர் அப்படிச் செய்யவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியரான அவர், இரண்டு வாரங்களில் நான்கு முறை அவனோடு உட்கார்ந்து, முதல் இரண்டு முறை காகிதத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலே பேசியிருக்கிறார். மூன்றாவது முறை, “தம்பி, நீ படித்துப் பார், பிடிக்காத வரியை அடித்துவிடு” என்று பேனாவைக் கையில் கொடுத்திருக்கிறார். இந்தச் சேவையில் நான் கண்ட மிகச் சிறந்த பகுதி அவர்தான். அவருக்குக் கிடைப்பது சம்பளமன்று, வந்துபோகும் நாளுக்கான மதிப்பூதியம் மட்டுமே.

வழக்கறிஞர் அம்மா கெட்டிக்காரர். ஜாமீன் மனு ஒன்றைப் போட்டுவிட்டு வாய்தாவுக்குக் காத்திருக்கும் வழக்கமான பாதையில் அவர் போகவில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367ஆம் பிரிவின்படி, தன் தரப்பை எடுத்துச் சொல்லும் நிலையில் குற்றம் சாட்டப்பட்டவர் இருக்கிறாரா என்பதை மருத்துவர் மூலம் அறிய வேண்டும் என்று கோரினார். அத்துடன், உள்நோயாளிச் சிகிச்சை தேவைப்படாத ஒருவரை, தவறாமல் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதாக உறவினர் உறுதி அளித்தால், குற்றம் ஜாமீனில் விடக்கூடியதோ இல்லையோ, விடுவிக்க வழி செய்யும் 369ஆம் பிரிவையும் சேர்த்துக்கொண்டார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 330ஆக இருந்த பிரிவு இது. வேறு இரண்டு வழக்கறிஞர்களிடம் கட்டணம் கொடுத்துக் கேட்டபோது, அவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

அப்படியிருந்தும் தம்பி 153 நாட்கள் உள்ளே இருந்தான். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக வழிக்காவலுக்குக் காவலர்கள் இல்லை என்ற காரணத்தாலேயே மூன்று வாய்தாக்கள் தள்ளிப்போயின. இதற்குச் சட்ட உதவி அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் காத்திருப்பது என்னவோ நோயாளிதான்.

உள்ளே மருந்து எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். சிறையில் அவனைச் சந்திக்கப் போன முதல் நாளே பழைய ஓ.பி. சீட்டின் நகலைக் கொடுத்தோம். பத்து நாட்களுக்குள் மாத்திரை தொடங்கப்பட்டது. ஆனால் படுக்கப்போகும்போது விழுங்க வேண்டிய மாத்திரையை, மாலையில் அறைகளை அடைப்பதற்கு முன்பே கொடுத்துவிடுவார்கள். ஆறு மணிக்கே தூங்கிப்போய், பின்னிரவு இரண்டு மணிக்கு விழித்து, விடியும்வரை பூட்டிய அறைக்குள் குரல்களோடு தனியாக இருந்ததாகச் சொன்னான். யாரும் அவனை அடிக்கவில்லை. பக்கத்து அறைக்காரர் ஒருவர் அவனைச் சாப்பிட வைத்திருக்கிறார். கொடுமை என்று எழுத அங்கே ஒன்றும் இல்லை. மருந்து சிறையின் கடிகாரத்துக்கு ஏற்ப நடக்கிறது, நோய் அப்படி நடப்பதில்லை, அவ்வளவுதான். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் அமைக்கப்பட வேண்டும் என்றும், சிறையில் மனநோயாளி எவரும் இல்லை என்று சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்றளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இந்தப் பிரிவை நான் வாசித்துக் காட்டியபோது தம்பி சிரித்தான்.

கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அசாமைச் சேர்ந்த மச்சாங் லாலுங் சாட்சி. 1951இல் கைதான அவர், விசாரணை முடியாமலே மனநல மருத்துவமனையிலும் சிறையிலுமாக 54 ஆண்டுகள் அடைபட்டிருந்து, 2005இல் ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் வெளியே வந்தார். குற்றம் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று 1993லேயே ஷீலா பார்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. லாலுங்குக்குத் தேவைப்பட்டது புதிய சட்டமன்று. அவர் பெயரைச் சொல்லி யாராவது ஒரு மனு போட்டிருக்க வேண்டும். ஆகவே இந்தச் சேவையில் நான் கோரும் மாற்றம் ஒன்றே ஒன்று. சிறை நுழைவுப் பரிசோதனையில் மனநோய் என்று மருத்துவர் குறிப்பு எழுதினால், அந்தக் குறிப்பே சட்ட உதவிக்கான விண்ணப்பமாகக் கொள்ளப்பட வேண்டும். நோயாளி “வேண்டாம்” என்று சொன்னாலும், யாராவது ஒருவர் மறுவாரம் மீண்டும் போய்க் கேட்க வேண்டும்.

விடுதலைக்குப் பிறகான மறுவாழ்வைப் பொறுத்தவரை இந்தச் சேவையில் ஒன்றுமே இல்லை. ஆணையைக் கையில் கொடுத்ததோடு அவர்கள் வேலை முடிந்துவிட்டது. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும் என்பதையும், நள்ளிரவில் அவன் கலங்கும்போது 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம் என்பதையும் நாங்களாகத்தான் தெரிந்துகொண்டோம்.

இதே நிலையில் இருப்பவர்கள் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை முதல் நாளே அழையுங்கள். பழைய மருந்துச் சீட்டின் நகல்கள் ஐந்தாறு கையில் இருக்கட்டும். காவல் நிலையம், நீதிமன்றம், சிறை மருத்துவர், வழக்கறிஞர் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒன்று கேட்பார்கள். எங்கள் அடுத்த வாய்தா வரும் மாதம். வழக்கறிஞர் அம்மாவைப் பார்க்கப் போகும்போது, “அண்ணா, அந்த வாத்தியாரும் அங்கே இருப்பாரா?” என்று தம்பி ஒவ்வொரு முறையும் கேட்கிறான்.