பிரான்ஸின் புறநகர்க் காவல்: அண்மைக் காவலா, பாக் படையா?

பிரதமர் ஜோஸ்பன் அரசு 1998-ல் தொடங்கிய அண்மைக் காவலில், ஒரே காவலர்கள் ஒரே குடியிருப்பில் நடந்து ரோந்து போனார்கள். பையன்களின் பெயர் தெரியும்; யாருக்கு என்ன கோபம் என்பதும் புரியும். ஆள் நிறைய வேண்டும், பலன் கைதுக் கணக்கில் தெரியாது என்பதுதான் குறை. உள்துறை அமைச்சராக இருந்த சர்க்கோசி 2003-ல் இதைக் கைவிட்டது பெரும் பிழை.

‘பாக்’ என்னும் குற்றத்தடுப்புப் படை சாதாரண உடையில், போலீஸ் அடையாளம் இல்லாத காரில் வரும். கையும் களவுமாகப் பிடிக்க ஏற்றதுதான். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் அதே பையனிடம் திரும்பத் திரும்ப அடையாள அட்டை கேட்கிறார்கள். சோதனைக்கு ரசீது தருவதில்லை. முறையிட ஆதாரம் இருக்காது. ஆகவே குற்றம் செய்யாதவனும் போலீஸைக் கண்டதும் ஓடுகிறான். 2005 அக்டோபர் 27 அன்று பாரிஸ் புறநகரான கிளிஷி-சு-புவாவில் அப்படி ஓடி மின் துணைநிலையத்தில் ஒளிந்த இரு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். இதனால் வெடித்த கலவரம் மூன்று வாரம் நீடித்தது; நவம்பர் 8-ல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது.