அம்பாசடருக்கு ஒரு மின்விசிறித் தொகுப்பு: விசிறியை வாங்கலாம், வயரிங்கை வாங்க வேண்டாம்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், பழைய கார்களின் ரேடியேட்டரைக் குளிர்விப்பதற்கென்று விற்கப்படும் 12 அங்குல மின்விசிறித் தொகுப்பு ஒன்றை வாங்கி, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் உள்ள மார்க் 3 அம்பாசடரில் பொருத்தி, கோடை முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். பெல்ட்டில் சுழலும் பழைய விசிறியின் குறை, அம்பாசடர் வைத்திருப்பவர்கள் அனைவரும் அறிந்ததே: எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது விசிறியும் மெதுவாகத்தான் சுழலும், மே மாத வெயிலில் சிக்னலில் நிற்கும் வண்டிக்குக் காற்று தேவைப்படுவதோ அப்போதுதான்.

விசிறியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிர்வில்லை, ஓசை குறைவு, பத்து ஆம்பியர் அளவில்தான் மின்சாரம் இழுக்கிறது. ரேடியேட்டரின் செதில்களுக்கு நடுவே செருகி இறுக்கும் பிளாஸ்டிக் ஊசிகளை மட்டும் ஒதுக்கிவிட்டு, இரும்புப் பட்டையில் தாங்கி அமைத்துக்கொள்வது நல்லது. அந்த ஊசிகள் நாளடைவில் குழாயை உரசி ஓட்டை போட்டுவிடும்.

உடன் வரும் வயரிங்தான் ஏமாற்றம். 1 சதுர மி.மீ. வயரை பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள ரிலேவுக்கு (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) கொண்டுபோய், அங்கிருந்து மறுபடியும் முன்பக்க ரேடியேட்டருக்குக் கொண்டுவரும்படி அமைத்திருக்கிறார்கள். விசிறி ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்த்தால், பேட்டரிக்கும் விசிறிக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது. வயரும் கையில் சுடுகிறது. பேட்டரிப் பக்கத்தில் பியூஸ் இல்லை என்பது அதைவிடப் பெரிய தவறு, ஏனெனில் வழியில் எங்காவது வயர் உரசி எர்த் ஆனால் அதைத் தடுக்க எதுவுமே இல்லை. ஆகவே ரிலேவை ரேடியேட்டருக்கு அருகே, தண்ணீர் தங்காதபடி இணைப்புக் கால்கள் கீழ்நோக்கி இருக்குமாறு மாற்றினேன். பேட்டரியை ஒட்டி 20 ஆம்பியர் பியூஸ், அதிலிருந்து ரிலேயில் மின்சாரம் நுழையும் 30 எண்ணிட்ட காலுக்கு 4 சதுர மி.மீ. வயர், அது வெளியேறும் 87இலிருந்து விசிறிக்கு, விசிறியிலிருந்து பெயின்ட் சுரண்டிய சேஸிஸுக்குத் தனி எர்த். ரிலேயை இயக்கும் சுருளின் இரு முனைகள் 86, 85. 86ஆம் காலுக்கு இக்னிஷன் வழியாக மெல்லிய வயர் போதும். 85, சூடு ஏறினால் இணைப்புக் கொடுக்கும் தெர்மோ சுவிட்ச் வழியாக எர்த்துக்குப் போகிறது.

விசிறிக்கான மின்சாரத்தை நேராக இக்னிஷன் சுவிட்சிலிருந்து எடுத்துவிடும் பழக்கம் நம் ஊர் எலக்ட்ரீசியன்களிடம் உண்டு. அப்படிச் செய்தால், சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும் விசிறி தானே மின்சாரம் உண்டாக்கி, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலுக்கு அனுப்ப, எஞ்சின் உடனே அணையாமல் சிறிது நேரம் ஓடக்கூடும்.

தெர்மோ சுவிட்சின் குமிழில் எண்களே இல்லை. அதன் செம்பு முனையை மேல் ஹோஸ் சேரும் பக்கத்தில் செருகி, தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) மூடியின் மீது இன்ஃப்ராரெட் வெப்பமானியைக் காட்டியபடி, 92 டிகிரி செல்சியஸ் அளவில் விசிறி தொடங்கி 87 அளவில் நிற்குமாறு திருகி வைத்தேன். தெர்மோஸ்டாட்டே 82 அளவில்தான் திறக்கிறது என்பதால், அதற்குக் கீழே வைத்தால் விசிறி ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

டைனமோ (ஆல்டர்னேட்டருக்கு முந்தைய வகை மின்னாக்கி) உள்ள வண்டிக்கு இந்தத் தொகுப்பை நான் பரிந்துரைக்கமாட்டேன். அக்கால லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர். ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் தராது. ஹெட்லைட்டும் எரிய, விசிறியும் ஓட, இரவு நெரிசலில் பேட்டரி இறங்கிவிடும். என் வண்டியில் முந்தைய உரிமையாளர் ஆல்டர்னேட்டர் பொருத்தியிருந்ததால் பிழைத்தது.

தொகுப்பின் குறிப்புத் தாளில் விடுபட்ட ஒரு செய்தியும் உண்டு. பழைய விசிறியையும் வாட்டர் பம்ப் புல்லியையும் ஒரே நான்கு போல்ட்டுகள்தாம் பிடித்திருக்கின்றன. விசிறியைக் கழற்றியபின் அதே போல்ட்டுகளை இறுக்கினால், நீளம் மிஞ்சி முனை பின்னால் பம்ப்பின் உடலைத் தொடக்கூடும். விசிறியின் தடிமனுக்கு வாஷர் கொடுக்க வேண்டும், அல்லது குட்டை போல்ட் வாங்க வேண்டும். கேட்டால் விசிறியை மட்டும் தனியாகத் தருகிறார்கள்; அதை வாங்கி, மிச்சமாகும் பணத்தில் நல்ல ரிலேயும் பியூஸ் பெட்டியும் தடித்த வயரும் வாங்கிக்கொள்ளலாம்.