எச்சரிக்கை: ஆலப்புழைப் படகுப் பயணத்துக்கு இணையத்தில் முன்பணம் கட்டுவோர் கவனத்துக்கு

நேற்றுக் காலைதான் சென்னை திரும்பினோம். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். படங்களும் சிறு காணொளிகளும் பகிரப்படும் ஒரு செயலியில், கேரளப் படகுப் பயணங்களை ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பக்கம், எங்கள் தோழிகள் குழுவிடம் 24,500 ரூபாயைக் கறந்துகொண்டு எங்களை வெயிலில் நிற்கவைத்துவிட்டது. அடுத்துக் கிளம்புகிறவர்களுக்குப் பயன்படும்படி எல்லாவற்றையும் விரிவாகச் சொல்கிறேன்.

நாங்கள் ஏழு பேரும் வடசென்னையில் ஒரே பள்ளியில் பணியாற்றியவர்கள். எங்களில் மூத்தவரான தமிழாசிரியை இந்த மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். பம்பை ஆறு வேம்பநாட்டுக் காயலில் கலக்கும் குட்டநாட்டுப் பகுதியில், ஒரு பகல் முழுவதும் படகில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. காலை 11 மணி முதல் மாலை 5 மணி வரை, மதியச் சாப்பாட்டோடு, தலைக்கு 3,500 ரூபாய் என்று பேச்சு முடிந்தது.

எங்களுக்கு நம்பிக்கை வந்த விதத்தைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலை முழுவதும் அங்கேதான் நடந்தது. அந்தப் பக்கத்தின் சார்பில் பேசிய ஆள் எடுத்த எடுப்பில் பணம் கேட்கவில்லை. “அக்கா, முதல்ல படகைப் பாருங்க, பிடிச்சிருந்தா மட்டும் பேசுவோம்” என்று சொல்லிவிட்டு, காணொளி அழைப்பில் வந்து படகின் முகப்பிலிருந்து நடந்துகாட்டினார். மேல்தளத்தில் பிரம்பு நாற்காலிகள், நீல உறை போட்ட மெத்தை, சமையலறையில் கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்கள் என ஒவ்வொன்றாகக் காட்டி, ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்யும் கெட்டுவள்ளங்கள் ஒரு காலத்தில் நெல் ஏற்றிச் சென்றதைக்கூட விளக்கினார். எங்கள் மூத்த தோழிக்கு முழங்கால் வலி என்று சொன்னதும், படகில் ஏறுவதற்குப் போடும் பலகையின் அருகே குனிந்து, அதன் அகலத்தைக் கையால் சாண் போட்டு அளந்து காட்டினார். பெற்ற பிள்ளை போல அக்கறை காட்டுகிறாரே என்று அந்த அம்மாள் நெகிழ்ந்துபோனார். முதலில் பாதிப் பணம் போதும் என்றார் அந்த ஆள். 12,250 ரூபாய் அனுப்பினோம். ரயில் ஏறுவதற்குச் சற்று முன்பு மறுபடி அழைத்து, கோடை விடுமுறைக் கூட்டம் என்பதால் முழுத்தொகை வராத படகை உரிமையாளர் வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவார் என்று கலங்கிய குரலில் சொன்னார். மீதி 12,250 ரூபாயும் போனது. பணம் பெறும் கணக்கில் நிறுவனத்தின் பெயர் இல்லாமல் யாரோ ஒருவரின் பெயர் வந்ததைக் கேட்டபோது, “எங்க கணக்குப்பிள்ளை பேரு அக்கா” என்று தயங்காமல் பதில் வந்தது.

சென்ட்ரலில் இரவு வண்டி ஏறி, மறுநாள் முற்பகல் ஆலப்புழையில் இறங்கி, நேரு கோப்பைப் படகுப் போட்டி முடியும் இடமான புன்னமடைத் துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். அழைப்பில் பார்த்த அதே படகு அங்கே நின்றது. அதே நீல மெத்தை, அதே பிரம்பு நாற்காலிகள். அதில் ஏறிக்கொண்டிருந்ததோ வேறொரு குடும்பம். படகுக்காரர் தம் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் பெயரில் எதுவும் இல்லை என்றார். சில நாள்களுக்கு முன்பு ஓர் ஆள் வந்து, பெரிய குழு ஒன்றை அழைத்து வரப்போவதாகச் சொல்லிப் படகைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டே நடந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த நல்ல மனிதர் எங்களுக்குத் தேநீர் வாங்கித் தந்தார். எங்கள் மூத்த தோழி பையை மடியில் வைத்துக்கொண்டு, துறையின் சிமெண்டுப் பலகையில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கேவலம். பணம் வாங்கிய ஆளைக் கைப்பேசியில் அழைத்தோம். முதலில் எஞ்சின் பழுது, அரை மணி நேரத்தில் வேறு படகு வரும் என்றார். பிறகு மேலாளர் என்று வேறொரு குரல், மாற்றுப் படகுக்கு 4,000 ரூபாய் கூடுதலாகக் கட்டிவிட்டு ஊருக்கு வெளியே உள்ள ஒரு தனியார் துறைக்கு வரச் சொன்னது. 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதில் 22 பேர் இறந்ததை எங்களில் ஒருவர் நினைவுபடுத்தினார், போகவில்லை. அடுத்து, ஏழு வேலை நாள்களில் பணம் திரும்பும் என்றார்கள். மாலையில், குறித்த நேரத்துக்கு நாங்கள் வரவில்லை என்பதால் விதிப்படி பணம் திரும்பாது என்று ஒரு செய்தி வந்தது. துறையில் நின்றுகொண்டிருந்த எங்களைப் பார்த்து வரவில்லை என்கிறார்கள்! இந்த அரை மணி, ஏழு நாள் கணக்கெல்லாம் சாக்குப்போக்கு மட்டுமல்ல; நாங்கள் புகார் கொடுக்காமல் காத்திருக்கும் நேரத்தில் 24,500 ரூபாய் அந்தக் கணக்கிலிருந்து வேறு கணக்குகளுக்கு நகர்ந்துவிட்டது என்பதை வங்கியில் கேட்டபோது புரிந்துகொண்டேன்.

பணம் நாங்களே அனுப்பியது என்று வங்கி சொல்கிறது. பணப் பரிமாற்றம் தங்கள் வழியாக நடக்கவில்லை என்று செயலியிலிருந்து ஒரு தானியங்கிப் பதில் வந்தது. காவல் நிலையத்தில், சம்பவம் கேரளத்தில் நடந்தது, அங்கேயே கொடுங்கள் என்றார்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்வதை எடுத்துக்காட்டிய பிறகே மனுவை வாங்கினார்கள்.

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். கை நடுங்குகிறது, முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். காணொளி அழைப்பில் படகைக் காட்டினால் அது அவர்களுடைய படகு என்று ஆகிவிடாது. பதிவு எண்ணை வாங்கி, துறையில் உள்ளவர்களிடம் விசாரியுங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஆலப்புழையில் மாவட்டச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் அலுவலகம் இருக்கிறது. நேரே அங்கே போய்க் கேளுங்கள். ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள், அரை மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். நுகர்வோர் உதவிக்கு 1915. நுகர்வோர் ஆணையத்தில் நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. நாங்கள் போடப் போகிறோம்.

அந்தப் பக்கம் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கிறது. நீல மெத்தைப் படகின் படத்துக்குக் கீழே இன்று காலை ஒரு பெண்மணி, மாமனார் மாமியாரோடு ஒன்பது பேர், அம்பத்தூரிலிருந்து வருகிறோம், என்ன செலவாகும் என்று கேட்டிருந்தார். “பணம் கட்டாதீர்கள்” என்று நான் எழுதியதை உடனே நீக்கிவிட்டு என்னையும் தடுத்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்தை அறிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்கள் பணம் அனுப்புவதற்கு முன்பு தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.