23 எம்.எம். லென்ஸோடு பினாங்குத் தெருக்களில்

கும்பகோணத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் கழுத்தில் கேமரா. அவ்வளவுதான் நான். கல்யாண வீட்டு போட்டோகிராஃபரும் இல்லை, லென்ஸைப் பிரித்துப் போட்டு வீடியோ எடுப்பவனும் இல்லை. சில வருடங்களாக என்னிடம் இருப்பது ஒரு மிரர்லெஸ் பாடி, அதில் மாட்டியபடியே கிடக்கும் 23 எம்.எம். எஃப்/2 லென்ஸ். இரண்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. கம்பெனி பெயரைப் போட்டால் படிப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள், அதனால் போடவில்லை. என் கேமராவில் இருப்பது ஃபுல் ஃபிரேமைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சார், அந்தக் கணக்குக்கு 1.5-ஆல் பெருக்கினால் இது ஃபுல் ஃபிரேமில் கிட்டத்தட்ட 35 எம்.எம். தாராசுரம் மார்க்கெட்டில் பழகி, மலேசியாவின் பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் தெருக்களில் அலைந்து, திரும்ப நாகூர், நாகப்பட்டினம் என்று சுற்றியதில் இந்த லென்ஸைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது.

முதலில் அதன் குணம். இது பேசும் தூரத்து லென்ஸ். ஒருவரிடமிருந்து இரண்டு மீட்டரில் நின்று கேமராவைக் குறுக்காகப் பிடித்தால் அவர் தொடை வரை வருவார், பக்கத்தில் இன்னொருவருக்கும் இடம் இருக்கும். நெட்டுக்குத்தாகத் திருப்பினால் தலை முதல் கால் வரை அடங்கிவிடுவார். இரண்டு மீட்டர் என்பது நாம் ஒருவரிடம் வழி கேட்கும் தூரம். அங்கே நின்றுகொண்டு ஒளிந்து எடுக்க முடியாது. எடுத்த பிறகு பேசாமல் நகரவும் முடியாது. தெருப்படம் என்றாலே ஜூம் லென்ஸை மாட்டிக்கொண்டு எதிர்ச்சாரியிலிருந்து சுடுவது என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. எனக்கோ, வெளியூர்க்காரனாக ஓர் ஊருக்குள் நுழைய இதைவிடச் சௌகரியமான சாமான் வேறு கிடைக்கவில்லை.

பினாங்கு ஏன் என்று கேட்கிறார்கள். பாங்காக் இருக்கிறது, ஹனோய் இருக்கிறது, அதெல்லாம் சரி. ஆனால் டெல்டாக்காரனுக்குப் பினாங்கு அப்படியொன்றும் தூரமில்லை. ரஜூலா கப்பல் 1926-ல் ஓட ஆரம்பித்து 1973 வரை மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஆட்களை ஏற்றி இறக்கியது. நாகப்பட்டினம் பக்கம் எந்தத் தெருவில் விசாரித்தாலும் அந்தக் கப்பலில் போன தாத்தா ஒருவர் இருப்பார். இன்னும் பின்னால் போனால், 1786-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் வந்து இறங்கும்வரை அந்தத் தீவு கெடா சுல்தானுடையது. நம் கல்வெட்டுகளில் வரும் கடாரம் அந்தக் கெடாதான். (இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு அங்கே போய் நிற்காதீர்கள். சோழர் படை போனது 1025-ல். இப்போது டீக்காசு நாம்தான் கொடுக்க வேண்டும்.)

போகிற வழி சுலபம். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து இ.டி.எஸ். ரயிலில் நாலு மணி நேரம் போல உட்கார்ந்தால் பட்டர்வொர்த். ஸ்டேஷனை ஒட்டியே படகுத்துறை. கால் மணி நேரத்துக்குள் ஃபெரி தீவில் கொண்டுபோய் விட்டுவிடும். பினாங்குக்கு விமானத்திலேயே போய் இறங்கலாம்தான், ஆனால் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வருவதைப் பார்க்க ஃபெரிதான் சரி.

இனி வெளிச்சம். இதை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தது ஒன்று உண்டு. மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஆனால் பினாங்கு அந்த நாட்டின் மேற்கு ஓரத்தில் இருப்பதால், வருடம் முழுக்கவே காலை ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். நம்மூர் வழக்கப்படி ஐந்தரைக்கு எழுந்து ஓடினால் கும்மிருட்டு. ஏழேகாலுக்குக் கிளம்பினால் போதும். ஒன்பதரைவரை வெயில் சாய்வாக விழும். மதியம் ஒன்றேகால் வாக்கில் நேர் உச்சி. அந்த நேரத்தில் முகங்களில் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் தெரியும். சாயங்காலம் ஏழு வரை வெளிச்சம் இருக்கும், அதனால் மதியம் கூசாமல் தூங்கலாம்.

உச்சி வெயிலிலும் எடுத்தே தீருவேன் என்பவர்களுக்கு இருக்கவே இருக்கிறது ஐந்தடி நடை. காக்கி லீமா என்று அங்கே சொல்வார்கள். வரிசையாக நிற்கும் பழைய கடைவீடுகளின் முன்னால், மாடிக்குக் கீழே, தூண்களுக்கு உள்ளே ஓடும் நடைபாதை. நம்மூர்த் திண்ணையை நீளமாக இழுத்து எல்லா வீட்டுக்கும் பொதுவாக விட்டால் எப்படி இருக்கும், அப்படி. ஒருவர் பேப்பர் படிப்பார், ஒருவர் தையல் மெஷின் போட்டிருப்பார், ஊதுபத்தி புகையும், பூனை படுத்திருக்கும். உள்ளே நிழல், வெளியே கண்ணைக் கூசும் வெயில். கேமராவை அதன் போக்கில் விட்டால் நிழலைத் தூக்கிக் காட்டி, தெருவை வெள்ளைச் சுண்ணாம்பாக்கிவிடும். நான் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்துக்கு, குறைத்தே வைத்திருப்பேன். தூணுக்கு உள்ளே இருப்பவர் பாதி இருட்டில் போகட்டும். வெயில் படும் கையோ தோளோ மட்டும் தெரிந்தால் படம் நிற்கும். எல்லாவற்றையும் பளிச்சென்று காட்டுகிற படம் எனக்குக் கேட்லாக் மாதிரிதான் படுகிறது.

செட்டிங் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. லென்ஸின் துளை எஃப்/8, ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையாமல், சென்சாரின் உணர்திறனான ஐ.எஸ்.ஓ. ஆட்டோ, ஃபோகஸை இரண்டு மீட்டரில் கையால் நிறுத்திவிட வேண்டும். இந்த லென்ஸில் அப்படி வைத்தால் ஒன்றேகால் மீட்டரிலிருந்து ஐந்து மீட்டர் வரை எல்லாம் கூர்மையாக வரும். ஆட்டோஃபோகஸ் முகத்தைத் தேடித் தடுமாறும் வேலையே இல்லை. இதை நான் பழகியது தாராசுரத்தில். விடியற்காலை வாழைத்தார் வண்டி வரும்போது வெளிச்சம் பத்தாது, துளையை எஃப்/2.8-க்குத் திறந்து ஐ.எஸ்.ஓ. 3200 வரை ஏற்ற வேண்டியிருக்கும். மூட்டை தூக்குபவர் நமக்காக நிற்க மாட்டார். "ஓரம்... ஓரம்..." என்று வருபவருக்கு முதலில் வழி விட வேண்டும், படம் அப்புறம். அங்கே கை பழகியவனுக்கு ஜார்ஜ் டவுன் நிதானமான ஊர்.

இதில் ஒரு குறை. என் லென்ஸில் ஃபோகஸ் வளையம் நேராகக் கண்ணாடியோடு இணைந்ததில்லை, மின்சாரத்தில் நகர்வது. கேமராவை அணைத்துப் போட்டால் வைத்த தூரம் மறந்துபோகும். ஒவ்வொரு தடவையும் திரும்ப இரண்டு மீட்டருக்குத் திருப்ப வேண்டும். பாட்டரி மிச்சம் பிடிக்கப் போய் படம் கோட்டை விடுகிற கதை. தூரத்தைச் செதுக்கியிருக்கும் பழைய மேனுவல் லென்ஸ்களுக்கு இந்த வம்பு இல்லை. நான் கேமராவை அணைப்பதை நிறுத்திவிட்டு, பையில் இரண்டு பாட்டரி கூடுதலாக வைத்துக்கொண்டேன். சார்ஜருக்கு மலேசியாவில் மூன்று பட்டைக் கால் உள்ள பிரிட்டிஷ் பிளக் வேண்டும். இங்கிருந்தே ஒன்று வாங்கிப் போய்விடுங்கள்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். 2008-ல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு கூட்டம். 2012-ல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்த சுவரோவியங்களுக்கு முன்னால் இன்றும் வரிசை நிற்கிறது. ஆர்மீனியன் தெருவில் நிஜ சைக்கிளைச் சுவரில் பதித்து இரண்டு பிள்ளைகளை வரைந்திருக்கிறார்களே, அதுதான் ரொம்பப் பிரபலம். அங்கே சுவரை விட்டுவிட்டு வரிசையை எடுங்கள். பிள்ளையின் தலையை வாரிவிடும் அம்மா, நிற்கப் பொறுமையில்லாத அப்பா எல்லாம் கிடைப்பார்கள். பத்து நிமிஷத்தில் நகர்ந்துவிடலாம்.

எனக்குப் பிடித்தது மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலையும் அதைச் சுற்றிய சந்துகளும். 1801-ல் தொடங்கிய பள்ளிவாசல், 1818-ன் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், பக்கத்துக் குயின் தெருவில் 1833-ன் மகா மாரியம்மன் கோயில், எல்லாம் நடக்கும் தூரத்தில். சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் மூலையில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா இருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மன் கட்டிய 131 அடி மனோராவை, அதாவது தர்கா கோபுரத்தை, நாகூரில் அண்ணாந்து பார்த்தவனுக்கு அது கைக்கடக்கமாகத் தோன்றும். பரபரப்பான மூலை அது. எதிரே நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால், ஒரே சட்டத்துக்குள் சீனக் கடையின் பெயர்ப்பலகை, தர்காவின் சுவர், மோட்டார் சைக்கிளில் போகும் மலாய்ப் பெண் எல்லாரும் வந்து சேர்வார்கள். 35 எம்.எம். பார்வையின் அகலம் இந்த மூலைக்கு அளவெடுத்த மாதிரி. 50 எம்.எம்.மில் பலகை வெட்டுப்படும், 28-ல் ஆள் சிறுத்துப்போவார்.

அப்புறம் டீக்கடைகள். தே தாரிக் என்ற இழுத்து ஆற்றிய பால் டீ ஆற்றுபவரை எடுக்காமல் யாரும் பினாங்கிலிருந்து திரும்புவதில்லை, நானும் எடுத்தேன். ஷட்டரை 1/500-ல் வைத்து எடுத்தால் டீ கம்பி மாதிரி அந்தரத்தில் உறைந்து நிற்கும், உயிர் இருக்காது. 1/60-க்குக் கொண்டுவந்தால் டீ பட்டுநூலாக இழுபடும், ஆனால் ஆற்றுபவரின் முகமும் சேர்ந்து கலங்கும். 1/125-ல் முகம் நிற்கிறது, மேலே போகும் கை மட்டும் லேசாகக் கரைகிறது. இதைத் தேடி நான் கவுண்டரை விட்டு நகராமல் நிற்பதைப் பார்த்து அவரே கேட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

"கும்பகோணம் பாய்."

"நாகூருக்கு எவ்வளவு நேரம்?"

"பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஆகும் பாய்."

"வாப்பாவோட வாப்பா அங்கிருந்துதான் வந்தாங்க. நான் போனதில்லை. பசியாறிட்டீங்களா?"

பசியாறவில்லை என்றதும் ரொட்டி வந்தது. அவர் ஆற்றுவதைத் தொடர்ந்தார், கேமராவை மறந்துவிட்டார். அதற்குப் பிறகு எடுத்தவைதான் உருப்படியான படங்கள். வலது கை மேலே, குவளையின் விளிம்பில் நுரை, கண் டீயில் இல்லாமல் கல்லாவில் இருக்கும் பையன் மேல். முதலில் எடுத்தவற்றில் அவர் எனக்காக ஆற்றிக்கொண்டிருந்தார். அவற்றை எல்லாம் அழித்துவிட்டேன்.

சோறும் குழம்பும் போடும் நாசி கண்டார் கடைகளில் மட்டும் லென்ஸுக்குக் கஷ்டம். சோற்று ஆவியும் குழம்புப் புகையும் கண்ணாடியில் படியும். சாப்பிட்டுவிட்டு வெளியில் நின்று எடுப்பது உத்தமம்.

அதைவிடப் பெரிய தொல்லை ஏ.சி. ராத்திரி முழுக்க அறையில் குளிர்ந்த கேமராவை அப்படியே தெருவுக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். துடைத்தால் திரும்ப வியர்க்கும். அறையிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து பசியாறி முடிக்கிறவரை திறக்காமல் வைத்திருந்தால் சரியாகிவிடும். இந்த ஈரம் நமக்கும் புதிதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் பீரோவுக்குள் இருக்கும் லென்ஸில்கூடப் பூஞ்சை கட்டும். அரிசிப் பானைக்குள் போட்டு வை என்பார்கள் வீட்டில். போடாதீர்கள், தவிட்டுத் தூள் வளையத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றுப் போகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். என் பாடியில் பின்பக்க ரப்பர் வியர்வையில் பிதுங்கி வந்துவிட்டது, ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறேன். லென்ஸில் இன்றுவரை ஒரு புள்ளி இல்லை.

கடலோரத்தில் மரக்கால்களின் மேல் நிற்கும் சீனக் குடியிருப்புகளுக்குப் போவீர்கள், சூ ஜெட்டி அதில் பெரியது. பலகைப் பாதையில் நடக்கும்போது இரண்டு பக்கமும் வீடுகள் திறந்தே இருக்கும். வாசலுக்கு உள்ளே கேமராவை நீட்டாதீர்கள். நம் தெருவில் ஒருவன் வந்து நம் கூடத்தைப் படம் எடுத்தால் விடுவோமா?

படங்களைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்ற வேண்டாம் என்பேன். தெருப்படம் என்றால் கறுப்பு வெள்ளை என்று ஒரு பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. நானும் தாராசுரத்தில் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். பினாங்கில் சுவரே நீலம், கதவு பச்சை, மேலே சிவப்பு விளக்கு, கீழே பூக்கடை. அதைச் சாம்பலாக்கி என்ன ஆகப்போகிறது? ஊர் திரும்பிய பிறகு தாராசுரத்தையும் வண்ணத்தில் எடுக்க ஆரம்பித்தேன். கத்தரிக்காயின் ஊதா அப்போதுதான் படத்துக்குள் வந்தது.

போனே போதாதா என்று எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். ராத்திரிப் படத்துக்கும் மழைக்கும் போன் போதும், சில சமயம் கேமராவைவிட மேல். ஆனால் போனின் முக்கியக் கேமரா 24, 26 எம்.எம். அளவில் அகலமானது. ஆளைப் பெரிதாகக் காட்ட இன்னும் ஒட்டிப் போக வேண்டும், போனால் மூக்கு முன்னால் துருத்தும். இன்னொன்று, போனைத் தூக்கினால் வீடியோ போடப்போகிறான் என்று எதிராளி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பழைய கேமராவைப் பார்த்தால் "ஃபிலிமா?" என்று பேச்சுக் கொடுக்கிறார். வாங்குவதாக இருந்தால் பாடியைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள், இரண்டு தலைமுறை பழசு போதும். லென்ஸை மட்டும் கடையிலேயே டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து, ஃபோகஸ் வளையத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.