இருட்புலத்தில் தங்கத் துணிக்கை: மூன்று மாரி பாவித்த பிறகு

இழையத்தில் ஒரு புரதம் இருக்கும் இடத்தைக் காட்ட இடும் உடனொளிர்வுச் சாயம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். அதே வேலைக்கு இடும் தங்க நனோ துணிக்கை மங்காது. போன வருடத்து ஸ்லைட்டிலும் அதே பச்சைப் புள்ளி அதே இடத்தில் நிற்கும். மட்டக்களப்பில் இருட்புல நுணுக்குக்காட்டியை (பின்னணி கறுத்து, ஒளியைச் சிதறுபவை மட்டும் மின்னும்) மூன்று மாரி பாவித்ததில் கண்ட பெரிய இலாபம் இதுதான். தொல்லை என்னவென்றால், இருட்புலத்தில் தூசும் மின்னும், கரையாமல் மிஞ்சிய பரபின் மெழுகும் மின்னும்.

அளவில் 40 நனோமீற்றர்தான் சரிவந்தது. சிதறும் ஒளி ஆரையின் ஆறாம் அடுக்கோடு ஏறுவதால், 80 போட்டால் கணக்குப்படி 64 மடங்கு பிரகாசம். ஆனால் அது 4 மைக்ரோமீற்றர் தடிப்பான இழைய வெட்டுக்குள் இறங்காமல் மேலேயே தங்கிவிடும். 20 என்றால் இழையத்தின் சொந்தச் சிதறலுக்குள் தொலைந்துபோகும்.

எண்ணெய் ஒடுக்கிக்கு (ஸ்லைட்டின் கீழிருந்து ஒளியைக் குவிக்கும் வில்லை) ஐரிஸ் உள்ள 100 மடங்குப் பொருள்வில்லை கட்டாயம், அதன் என்.ஏ.யை (ஒளியை ஏற்கும் கோணத்தின் அளவு) 1.0க்குக் கீழே மூடாவிட்டால் பின்னணி வெளுத்துவிடும். ஒடுக்கிக்கும் ஸ்லைட்டுக்கும் நடுவில் ஒரு குமிழி இருந்தாலே பாதிப் புலம் சாம்பல். அசைத்துப் பார்ப்பது வீண், துடைத்து மறுபடி எண்ணெய் விடுங்கள்.

பிறபொருளெதிரி (குறித்த ஒன்றில் மட்டும் ஒட்டும் புரதம்) ஏற்றிய தங்கக் கரைசல் மாதுளைச் சிவப்பாக இருக்கவேண்டும். பிரிட்ஜின் பின்சுவரோடு ஒட்டிவைத்து உறைந்துபோனால் ஊதாவாகும்: துணிக்கைகள் கட்டிபட்டுவிட்டன. அதைப் பாவித்தால் செம்மஞ்சள் புள்ளிகள் பெரிதாகத் தெரியும், புரதம் நிறைய இருக்கிறது என்று ஏமாறுவோம். போத்தலோடு கொட்டிவிடுவதே மேல்.

தங்கம் கண்டபடி ஒட்டாதபடி 5% அல்புமினில் அரை மணித்தியாலம் தடுத்து, 0.1% டுவீன்-20 (ஒருவகைச் சவர்க்காரப் பொருள்) கலந்த பி.பி.எஸ்ஸில் (பொஸ்பேற்று உப்புக் கரைசல்) ஐந்தைந்து நிமிடமாக மூன்று தரம் கழுவினால் பின்னணி அடங்கும். துணிக்கைமேல் வெள்ளி ஏற்றிப் பெருப்பிப்பவர்கள் கடைசிக் கழுவலைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்யவேண்டும். பி.பி.எஸ் மிஞ்சினாலும், வாவியோரக் கிணற்றின் உவர்த் தண்ணீர் பட்டாலும் வெள்ளிக் குளோரைட் படிந்து வெட்டு முழுக்க நட்சத்திரம்தான்.

வெட்டின்மேல் கண்ணாடி ஒட்டி மூடுவதற்கு டி.பி.எக்ஸ் பிசின் நல்லது. அதன் ஒளிமுறிவுச் சுட்டி, சுமார் 1.52, இழையத்தோடு ஒத்துப்போவதால் இழையம் இருண்டு தங்கம் மட்டும் மிஞ்சும்; நிறம் கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாயும். கமராவின் தானியங்கி வெண்சமநிலையை அணைத்துவிடுங்கள்.

முதலாம் பிறபொருளெதிரி (தேடும் புரதத்தில் நேரே ஒட்டுவது) இடாத வெட்டு ஒன்று ஒவ்வொரு தடவையும் வேண்டும். பழைய இரத்தக் கசிவின் இரும்பு நிறமணியும் போமலின் நிறமணியும் தங்கம் போலவே மின்னும். ஈரல் வெட்டில் இது பெரிய தலையிடி. தங்கம் இடுமுன்னரே அந்தப் புலத்தைப் படமெடுத்து வைத்தால்தான் பிறகு கழித்துப் பார்க்கலாம்.

மாரியில் வில்லையில் பூஞ்சணம் பிடித்தால் சாதாரண ஒளியில் தெரியாது, இருட்புலம்தான் முதலில் பால்போல் வெளுக்கும். பெட்டியிலுள்ள நீலச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானதுமே மாற்றுங்கள்.