ஹூஸ்டனில் ஒரு பழைய அரிசி ஆலையில் ஹூடினியைக் கூப்பிட்டோம்

ஹூஸ்டனுக்குப் பிள்ளைகளையோ அக்கா தங்கையையோ பார்க்கப் போகிற நம் ஊர்க்காரர்கள் சுற்றிப் பார்க்கும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். நாசா, கால்வெஸ்டன் கடற்கரை, பியர்லாண்ட் மீனாட்சி கோவில். நாங்களும் அதையெல்லாம் முடித்துவிட்டோம். ஊருக்குக் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது அக்கா பையன் பிடிவாதம் பிடித்து எங்களை ‘தி மேன் ஃப்ரம் பியாண்ட்’ என்ற எஸ்கேப் ரூமுக்கு அழைத்துப் போனான். வந்து இத்தனை நாளாகியும் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. அதனால் விரிவாக எழுதுகிறேன். உள்ளே என்னென்ன புதிர், எது எங்கே ஒளிந்திருக்கிறது, கடைசியில் என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டேன், அதைத் தெரிந்துகொண்டு போனால் கொடுத்த காசு வீண்.

எஸ்கேப் ரூம் என்றால் இப்போது சென்னை, பெங்களூர்க்காரர்களுக்குப் புதிது இல்லை. ஒரு அறை, ஒரு மணி நேரம், பூட்டுகள், குறிப்புகள், நேரத்துக்குள் வெளியே வர வேண்டும், மாட்டிக்கொண்டால் கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒரு ஹின்ட் தருவார். நான் நாலைந்து ஆடியிருக்கிறேன், பிடிக்கும், ஆனால் ஒரு வாரம் கழித்து எந்த அறையில் என்ன இருந்தது என்று கேட்டால் குழம்பிவிடுவேன். ஹூஸ்டனில் நான் ஆடியது வேறு வகை. உள்ளே நடிகர்கள் இருக்கிறார்கள். கதையில் அவர்களுக்கு ஒரு வேடம் உண்டு, நமக்கும் ஒன்று உண்டு, அவர்கள் நம்மிடம் பேசுவார்கள், நாம் சொல்வதைக் கேட்டு அதற்கேற்ப பதில் சொல்வார்கள்.

இதை நடத்துவது ஸ்ட்ரேஞ்ச் பேர்ட் இம்மெர்சிவ் என்ற சிறிய நிறுவனம். நாடகத்திலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் தொடங்கியது, 2017இல் இந்த ஆட்டத்தை ஆரம்பித்தார்கள். இடம் சாயர் யார்ட்ஸ் பக்கம். ஒரு காலத்தில் அரிசி ஆலையாக இருந்த வளாகம் அது, அரிசி கொட்டி வைத்த 34 கான்கிரீட் குதிர்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன, அவற்றைக் கலைக்கூடமாக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம், அந்தக் குதிர்களைக் கண்டதும் ஆட்டத்தை மறந்துவிட்டார். டெக்சாஸில் நெல் விளையும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். வளைகுடாக் கரையை ஒட்டி நூறு வருஷத்துக்கு மேலாக நெல் போடுகிறார்கள் என்று மாமா விளக்கினார். ஆட்டத்துக்கு நேரமாகிறது என்று அப்பாவை இழுத்துக்கொண்டுதான் உள்ளே போனோம்.

கதை ஹூடினியைப் பற்றியது. விலங்கு, சங்கிலி, தண்ணீர்த் தொட்டி என எதில் போட்டுப் பூட்டினாலும் வெளியே வந்துவிடுவாரே, அந்த ஹூடினி. 1874இல் புடாபெஸ்டில் பிறந்தவர், இயற்பெயர் எரிக் வைஸ். பூட்டிய அறை விளையாட்டு ஜப்பானில் கியோட்டோ நகரில் ஸ்கிராப் என்ற நிறுவனம் 2007இல் நடத்தியதிலிருந்து தொடங்கியது என்பார்கள். அது ஐரோப்பாவில் பரவ ஆரம்பித்தது 2011இல், ஹூடினி பிறந்த அதே புடாபெஸ்டில், பாராபார்க் என்ற இடத்திலிருந்து. இப்படி ஒன்றோடு ஒன்று பொருந்தி வந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

ஹூடினியின் கடைசிக் காலம் பலருக்குத் தெரியாது. அம்மா இறந்த துக்கத்தில் இருந்த அவர், ஆவிகளோடு பேசுகிறோம் என்று சொல்லிக் காசு பறிக்கிறவர்களின் பித்தலாட்டத்தை மேடை மேடையாக அம்பலப்படுத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் மனைவி பெஸ்ஸோடு ஓர் ஒப்பந்தமும் வைத்திருந்தார். தான் முதலில் போனால், அங்கிருந்து பேச முடியுமென்றால், இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லை அனுப்புவேன் என்று. 1926 அக்டோபர் 31 அன்று டெட்ராய்டில் குடல்வால் வெடித்து அதன் தொற்றில் இறந்தார். பெஸ் பத்து வருஷம், ஒவ்வொரு வருஷமும் அவர் இறந்த நாளில், ஆவியை அழைக்கும் கூட்டம் நடத்திக் காத்திருந்தார். 1936இல் ஹாலிவுட்டில் ஒரு ஹோட்டல் மொட்டைமாடியில் கடைசிக் கூட்டம். ஒன்றும் வரவில்லை. அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தக் காத்திருப்பை எடுத்துத்தான் இந்த ஆட்டத்தைக் கட்டியிருக்கிறார்கள். மேடம் டாஃப்னி என்ற குறி சொல்லும் பெண்ணின் வீட்டுக்கு ஹூடினியை அழைக்க நாம் போகிறோம். மொத்தம் ஒன்றரை மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் புதிர்களுக்கு. ஹூடினி 1922இல் நடித்த ஒரு படத்தின் பெயரைத்தான் ஆட்டத்துக்கும் வைத்திருக்கிறார்கள், படம் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வயது 69, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் படிப்பார், பேசத் தயங்குவார், அதிலும் அமெரிக்க உச்சரிப்பு என்றால் ஒதுங்கிவிடுவார். கடையிலும் ஏர்போர்ட்டிலும் யாராவது ஏதாவது கேட்டால் எங்கள் முகத்தைப் பார்ப்பார், நாங்கள் பதில் சொல்வோம், கேட்டவரும் எங்களிடமே பேச ஆரம்பித்துவிடுவார். மூன்று வாரமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. இங்கேயும் அவர் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பார், நாங்கள் ஆடுவோம் என்றுதான் நினைத்தேன்.

மேடம் டாஃப்னி வந்து ஒவ்வொருவர் பெயராகக் கேட்டார். அப்பா முறை வந்ததும் வழக்கம்போல அக்கா வாயைத் திறந்தாள். அந்த அம்மா அக்கா பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு இருந்தார், அவசரம் இல்லாமல், அவர் பேசுவார் என்ற நம்பிக்கையோடு. “நடராஜன்” என்றார் அப்பா. அந்த அம்மா அதைத் திருப்பிச் சொன்னார், தப்பாக வந்தது, அப்பா திருத்தினார், மறுபடி சொன்னார், சரியாக வந்தது. அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்க எப்போது கூப்பிட்டாலும் முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். அடுத்து அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டார், அது என்ன என்று சொல்ல மாட்டேன், இறந்துபோனவர்களைப் பற்றியது. அப்பா பாதி ஆங்கிலத்தில் தொடங்கி, சொல் கிடைக்காமல், மீதியைத் தமிழிலேயே சொல்லி முடித்துவிட்டார். எங்கள் அம்மா போய் நான்கு வருஷம் ஆகிறது. மேடம் டாஃப்னிக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் வேடத்தை விட்டு வெளியே வராமல், அவர் முடிக்கும் வரை கேட்டுவிட்டு, மெல்லத் தலையசைத்துவிட்டு, கதையை அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போனார். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, பார்த்திருந்தால் அழுதிருப்போம்.

சின்ன வயதில் பாட்டி ஊரில் பாரதக் கூத்து பார்த்திருக்கிறேன். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனன் விழும்போது பெண்கள் துடைப்பத்தோடு எழுந்து ஓடுவார்கள், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கதைக்குள் ஆளாகிவிடுவார்கள். எனக்கு அன்றைக்கு அந்த மாதிரி இருந்தது. நடிக்கத் தெரியாதே, நான் எப்படி நடிகர்களோடு ஆடுவது என்று கூச்சப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், உங்களுக்கு நடிக்கவே தேவையில்லை. எதிரே இருப்பவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், கதையாக்குவது அவர்கள் வேலை, நல்ல இடம் என்றால் அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

புதிர்களும் நன்றாகவே இருந்தன. எடுத்துத் திறக்கிற ஒவ்வொன்றும் ஹூடினியின் வாழ்க்கையோடு சேர்ந்ததாக இருந்தது, சும்மா நான்கு எண் கண்டுபிடித்து நம்பர் பூட்டைத் திறக்கிற வேலை இல்லை. அக்கா பையன் வேகமாக முன்னால் ஓடினான், ஆனால் அப்பாவிடம் வந்து நின்ற ஒரு இடம் இருந்தது, அதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும். விலை சினிமா டிக்கெட்டைப் போல மூன்று நான்கு மடங்கு ஆகும், அமெரிக்காவில் சாதாரண எஸ்கேப் ரூமை விடவும் கூடத்தான். எனக்கு உறுத்தவில்லை. புதிர் எத்தனை என்று எண்ணி, மணிக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்கு உறுத்தலாம், அவர்கள் சாதாரண அறைக்கே போகலாம். பேச்சை நின்று கேட்கப் பொறுமை இல்லாதவர்களுக்கும், ரொம்பச் சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கும் இது சரிவராது.

நடிகர்கள் இருந்தாலே எல்லா இடமும் இப்படி இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு முந்தைய வருஷம் ஆபீஸ் தோழிகளோடு ஏதென்ஸ் போயிருந்தேன். இந்த விளையாட்டில் பைத்தியமாக இருக்கிறவர்கள் ஏதென்ஸுக்கென்றே டிக்கெட் போட்டுப் போவார்கள், அங்கே இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் ஓடுகிற ஆட்டங்கள் உண்டு, பேய்க்கதை என்றால் இருட்டில் நடிகர்கள் நிஜமாகவே துரத்துவார்கள். ஒரு வீட்டையே முழுதாக எடுத்துக் கட்டியிருப்பார்கள், கலை வேலைப்பாடு அபாரம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாங்கள் போன ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், ஆட்டத்தை நிறுத்த வேண்டுமென்றால் சொல்ல வேண்டிய சொல்லை வேகமாக ஒரு தடவை சொல்லிவிட்டு, ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்பிவிட்டார்கள். நடுவில் எங்களைப் பிரித்துவிட்டார்கள். தனியாக மாட்டிய தோழிக்கு இருட்டில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது, அந்தச் சொல்லைக் கத்துகிறாள், எங்களுக்குக் கேட்கிறது, நடிகர் அதையும் பயத்தில் போடுகிற சத்தம் என்று எடுத்துக்கொண்டு தொடர்ந்தார். விளக்குப் போட இரண்டு நிமிடமாவது ஆகியிருக்கும். வெளியே வந்து கேட்டதற்கு, எல்லோரும் இப்படித்தான் கத்துவார்கள் என்று சிரித்தார்கள். அவள் அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

அதற்கப்புறம் எங்கே புக் செய்தாலும் முன்பே எழுதிக் கேட்டுவிடுகிறேன். நடிகர்கள் தொடுவார்களா, குழுவைப் பிரிப்பார்களா, நிறுத்தச் சொன்னால் எவ்வளவு நேரத்தில் விளக்கு வரும், கதவு உள்ளேயிருந்து திறக்குமா. நல்ல இடங்கள் இதற்குப் பொறுமையாகப் பதில் எழுதுகின்றன. கதவு விஷயத்தைச் சும்மா கேட்கச் சொல்லவில்லை. 2019 ஜனவரி 4 அன்று போலந்தில் கோஷாலின் என்ற ஊரில், பிறந்தநாள் கொண்டாட எஸ்கேப் ரூமுக்குப் போன 15 வயதுப் பெண்கள் ஐந்து பேர் தீவிபத்தில் புகைக்குப் பலியானார்கள், வெளியே வர வழி இல்லாமல். அதன் பிறகு அந்த நாடு முழுக்கச் சோதனை நடத்திப் பல இடங்களை மூடினார்கள். இந்த விளையாட்டில் பூட்டு என்பது கதைக்குள் மட்டும் இருக்க வேண்டும். நிஜக் கதவு தள்ளினால் திறக்க வேண்டும், அதைத் தொடங்கும் முன்பே நமக்குக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வெளியூரில் ஆடுவதென்றால் இன்னும் சில விஷயம். ஐரோப்பாவில் புக் செய்யும்போது மொழியைக் கவனியுங்கள். சாதாரண அறையில் குறிப்புகள் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் சமாளித்துவிடலாம், நடிகர் உள்ள ஆட்டத்தில் அவர் நம்மோடு நின்று பேச வேண்டும், ஆங்கிலம் தடுமாறுகிற நடிகர் வந்தால் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டுப் போய்விடுவார். இறங்கிய முதல் இரண்டு நாளில் போடாதீர்கள், அரைத் தூக்கத்தில் எந்தப் புதிரும் ஓடாது, பெரியவர்களுக்கு இருட்டில் தலை சுற்றும். ஆட்கள் நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் எண்ணம், கூட்டம் கூடினால் கூச்சப்படுகிறவர்கள் பின்னால் போய்விடுவார்கள், நடிகரின் கண்ணில் படவே மாட்டார்கள். குனிந்து நிமிர வசதியான உடை, ஷூ. போனை வெளியே வைத்துவிடச் சொன்னால் வைத்துவிடுங்கள், படம் எடுக்க முடியாதே என்று வருத்தம் வேண்டாம். முக்கியமாக, போகும் முன் எதையும் தேடிப் படிக்காதீர்கள்.

ஹூஸ்டனில் வார இறுதி சீக்கிரம் நிரம்பிவிடுகிறது, எங்களுக்கு வியாழக்கிழமை சாயங்காலம்தான் கிடைத்தது. முடித்துவிட்டு வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. கேட்டி என்ற புறநகர் வரை நாற்பது நிமிடம் காரில் அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, பையன் எந்த இடத்தில் தப்பாக யோசித்தான், தான் எப்படி அதைக் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, “அந்தம்மா என் பேரை நல்லாச் சொன்னாங்க இல்ல?” என்று அக்காவிடம் கேட்டார்.