ப்ரூவரிக்கு ஆலோசகர் வைத்தோம்: ஓராண்டு அனுபவம்

2025 ஜனவரியில் பீர் காய்ச்சி விற்கும் எங்கள் சின்ன ப்ரூவரிக்கு ஒரு பிசினஸ் ஆலோசகரை அமர்த்தினோம். அந்த டிசம்பரோடு ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அதற்காக ஆள் சரியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நான்கு மாதம் அவர் செய்த வேலைக்கு இரண்டு மடங்கு சம்பளம் கூடக் கொடுத்திருக்கலாம், மீதி எட்டு மாதத்துக்குப் பாதியே அதிகம். அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களில் சிலர் இந்தத் தொழிலில் பங்கு போட்டிருக்கிறார்கள், இன்னும் சிலர் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது வட கரோலினாவில், ராலே பக்கம். ஏழு பேரல் கொள்ளளவு, ஒட்டினாற்போல் ஒரு டேப்ரூம், அதாவது காய்ச்சிய பீரை அங்கேயே குழாயில் பிடித்து விற்கும் கூடம். (பேரல் என்றால் 31 கேலன், சுமார் 117 லிட்டர்.) பங்குதாரர்கள் மூன்று பேர். பீர் காய்ச்சுவது ஒருவர், டேப்ரூம் ஒருவர் பொறுப்பு, பகலில் ஐடி வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் கணக்கெழுதுவது நான்.

ஆலோசகர் எதற்கு என்று கேட்டால், பயம்தான் காரணம். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1896-லிருந்து இருந்த ஆங்கர் ப்ரூவரியே 2023-ல் மூடப்பட்டது. 2024-ல் நாடு முழுக்கப் புதிதாகத் திறந்த கிராஃப்ட் ப்ரூவரிகள் (எங்களைப் போன்ற சின்ன, சுயேச்சையான ப்ரூவரிகள்) 430, மூடியவை 529 என்று அவற்றின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் கணக்குக் கொடுத்தது. இருபது வருடமாகத் திறப்புதான் அதிகமாக இருந்தது, அது அப்படியே தலைகீழாகிவிட்டது. எங்கள் விற்பனையும் மெதுவாகச் சரிந்துகொண்டிருந்தது, எங்கே சரிகிறது என்று மூன்று பேருக்கும் மூன்று கருத்து.

அவர் வந்ததும் லாப நஷ்டக் கணக்கைக் கேட்பார் என்று எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருந்தேன். அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் நேராகக் குளிர் அறைக்குள் போய், கதவில் ஒரு அட்டையும் பேனாவும் கட்டித் தொங்கவிட்டார். ஒவ்வொரு கெக்கும் (பீர் நிரப்பிய உலோகப் பீப்பாய்) என்றைக்குக் குழாயில் மாட்டப்பட்டது, என்றைக்குக் காலியானது, அவ்வளவுதான் எழுத வேண்டும். பெரிய கெக் ஒன்றில் 15.5 கேலன் இருக்கும், அதாவது 1984 அவுன்ஸ், 16 அவுன்ஸ் பிடிக்கும் பைண்ட் கிளாஸ்களாகப் பிரித்தால் 124. அட்டையையும் பில்லிங் கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோது எங்களுக்கு ஒரு கெக்குக்குச் சராசரியாக 95 பைண்ட்தான் காசாகியிருந்தது. மீதி எங்கே? திருட்டு எதுவும் இல்லை. குழாய்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவும்போது அதில் நிற்கும் பீர் போகும், அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. ருசி பார்க்கக் கொடுப்பது கொஞ்சம், வேலை முடித்துப் போகும் பையன்கள் பில் போடாமல் குடிக்கும் ஒரு கிளாஸ் கொஞ்சம். ஆனால் பெரும்பகுதி நுரை. குளிர் அறையிலிருந்து குழாய்வரை பீர் போகும் பாதையைக் குளிர்விக்கும் இயந்திரம் சரியாக வேலை செய்யவில்லை, அறையில் 38 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருந்த பீர் கடைசிக் குழாய்க்கு வரும்போது 44 ஆகியிருந்தது. சூடேறினால் நுரைக்கும், நுரைத்ததை வடிகாலில் ஊற்றிவிட்டு மறுபடி பிடிப்பார்கள், தினமும் கண்ணெதிரே நடப்பதுதான், யாருக்கும் அது பணமாகத் தெரியவில்லை. இயந்திரத்தைச் சரிசெய்து, சும்மா கொடுக்கும் கிளாஸையும் பில்லில் பூஜ்ய விலைக்குப் பதிவு செய்ய ஆரம்பித்ததும் சராசரி 110-க்கு வந்தது. பைண்ட் ஏழு டாலர், பதினைந்து பைண்ட் கூடுதல், கெக்குக்கு 105 டாலர். அவருடைய சம்பளம் இதிலேயே வந்துவிட்டது.

அடுத்து ஹாப்ஸ், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ. இது வெளியே அதிகம் பேசப்படாத விஷயம். கிராஃப்ட் பீர் ஓஹோ என்று ஓடிய காலத்தில் வாஷிங்டன் மாநிலத்து யாகிமா பள்ளத்தாக்கிலிருந்து வரும் சிட்ரா, மொசெய்க் போன்ற ரகங்கள் கிடைக்காமல் போய்விடுமோ என்று சின்ன ப்ரூவரிகள்கூட மூன்று வருடம், ஐந்து வருடம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டன. பீர் விற்பனை இறங்கியதும் குளிர்கிடங்குகளில் ஹாப்ஸ் தேங்கியது, விவசாயிகள் பரப்பளவையே குறைத்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் போட்டவன் மட்டும் பழைய விலையில் எடுத்தாக வேண்டும், அதே சரக்கு வெளிச்சந்தையில் மலிவாகக் கிடைத்தாலும் சரி. நாங்கள் கையெழுத்துப் போட்டாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம். அவர் விற்பனையாளரைத் தொலைபேசியில் பிடித்து அரை மணி நேரம் பேசினார், பாதி வானிலையும் பேஸ்பாலும்தான். முடிவில் மிச்ச அளவு இன்னும் இரண்டு அறுவடைகளுக்குப் பரப்பப்பட்டது, ஒரு பகுதியை நாங்கள் உண்மையில் பயன்படுத்தும் ரகத்துக்கு மாற்றியும் கொடுத்தார்கள். விற்பனையாளருக்கும் நாங்கள் மூடிவிட்டால் ஒரு காசும் வராது என்பது தெரியும். இதை நாங்களே கேட்டிருக்கலாமா? கேட்டிருக்கலாம், ஆனால் எவ்வளவு கேட்டால் நியாயம் என்பது இருபது ப்ரூவரிகளுக்குப் பேசியவருக்குத்தான் தெரியும்.

அவரோடு நான் ஒத்துப்போகாத இடம் வெளி விற்பனை. இந்த மாநிலத்தில் சின்ன ப்ரூவரி இடைத்தரகர் இல்லாமல் தன் பீரைத் தானே உணவகங்களுக்கு விற்கலாம், நாங்களும் வேனில் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தோம். வெளியே ஒரு கெக் 180 டாலர், டேப்ரூமில் அதே கெக் 770 டாலர் என்று ஒரு அட்டவணை போட்டுக் காட்டி, வெளி விற்பனையை நிறுத்தச் சொன்னார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை ராத்திரி டேப்ரூமில் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கெக்கை 770-க்கு வாங்க யார் வருவார்கள்? அங்கே விற்காத கெக்குக்கு 180 என்பது நல்ல விலை, தொட்டியும் காலியாகும். இதைச் சொன்னபோது, வேன், டிரைவர், திரும்பி வராத கெக் இதையெல்லாம் கழித்துப் பார் என்றார். கழித்தேன். தூரத்து உணவகங்களில் நஷ்டம்தான், பக்கத்தில் இருப்பவற்றில் இல்லை. கெக் விஷயத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி, புதுக் கெக்கின் விலை, திருப்பித் தரும்வரை நாங்கள் உணவகத்திடம் வாங்கி வைக்கும் முன்பணத்தைவிடப் பல மடங்கு. கடைசியில் பக்கத்து உணவகங்களை மட்டும் வைத்துக்கொண்டோம்.

மே மாதத்திலிருந்து சுவாரசியம் குறைந்தது. மாதம் ஒரு வீடியோ சந்திப்பு, முப்பது ஸ்லைடு, அதில் இருபது வேறு யாருக்கோ தயாரித்தவை. ஆல்கஹால் இல்லாத பீர் வளர்கிறது, நீங்களும் போடுங்கள் என்றார். வளர்வது உண்மை, ஆனால் ஆல்கஹால் இல்லாத பீரில் கிருமி வளர இடம் உண்டு, பாஸ்சரைஸ் செய்யும் (சூடாக்கிக் கிருமியைக் கொல்லும்) வசதி இல்லாமல் அதைக் குழாயில் விடுவது ஆபத்து, அந்த இயந்திரத்தின் விலைக்கு இன்னொரு டேப்ரூம் போடலாம். கெட்டுப்போய்க் கொட்டிய பீருக்கு வரி மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு வாரம் கோப்புகளைப் புரட்டினார். சின்ன ப்ரூவரிக்கு ஆண்டின் முதல் 60,000 பேரலுக்கு மத்திய கலால் வரி பேரலுக்கு 3.50 டாலர். நாங்கள் கொட்டியது சில பேரல்கள். மிச்சமான தொகையில் மூன்று பேரும் மதியச் சாப்பாடு சாப்பிடலாம், அதுவும் சுமாரான இடத்தில்.

கேன் விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். வருட ஆரம்பத்தில் கேனில் அடைத்து விற்கலாம் என்று திட்டம் போட்டோம். மார்ச்சில் அலுமினிய இறக்குமதிக்கு 25 சதவீத வரி, ஜூனில் அது 50 சதவீதம். இதை யாரும் கணித்திருக்க முடியாது. ஆனால் ஜூலை ஸ்லைடிலும் அந்தத் திட்டம் பழைய விலையோடு அப்படியே இருந்தது பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிச்சல்.

நீங்கள் ஆள் தேடுவதாக இருந்தால், மாதச் சம்பளத்துக்கு வைக்காதீர்கள். மூன்று நான்கு மாத வேலையாகப் பிரித்து, என்ன முடித்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வங்கிக்குக் காட்டத் திட்ட அறிக்கை மட்டும்தான் வேண்டுமென்றால் பணமே செலவழிக்க வேண்டாம், சிறுதொழில் வளர்ச்சி மையங்கள் எல்லா மாநிலங்களிலும் இருக்கின்றன, ஆலோசனை இலவசம். அவர்களுக்கு நுரையைப் பற்றித் தெரியாது, கடன் விண்ணப்பத்தைப் பற்றி நன்றாகத் தெரியும். பேசிப்பார்க்கும்போது, கடைசியாக எந்த ப்ரூவரியின் ஹாப்ஸ் ஒப்பந்தத்தைத் திருத்தினீர்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, எப்படிச் செய்தார் என்று விவரமாகச் சொல்கிறாரா என்பதுதான் முக்கியம்.

எங்களவரிடம் விஷயத்தை நேராகவே சொல்லிவிட்டோம். கோபப்படவில்லை. தேவைப்படும்போது மணிக்கணக்கில் கூப்பிடுங்கள் என்று ஒரு விலை சொன்னார், சரி என்றோம். அடுத்த அறுவடைக்கு முன் ஹாப்ஸ் விற்பனையாளரிடம் இன்னொரு தடவை பேச வேண்டியிருக்கிறது, அதற்கு அவர்தான்.